கைக்குழந்தையோடு மலையேறி வருகிறோம்: ஏற்காட்டு விடுதிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏற்காட்டில் விடுதியும் காட்டேஜும் நடத்துகிற உரிமையாளர்களுக்கும், மேலாளர்களுக்கும், காப்பித் தோட்டத்து வீடுகளில் விருந்தினரைத் தங்கவைக்கும் குடும்பங்களுக்கும் வணக்கம்.

சித்திரை பிறந்துவிட்டது. சேலத்தில் வெயில் 40 டிகிரியை எட்டிப் பிடிக்கும் காலம். இனி கோடை விழா முடியும்வரை அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக மலையடிவாரத்துக்குப் போகும் சாலையில் வண்டிகள் ஓயாது. அவற்றில் பலவற்றில் ஒரு கைக்குழந்தை இருக்கும். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, இரண்டு நாள் குளிர்ச்சியில் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. மலையில் விடுதிப் பள்ளியில் படிக்கும் மூத்த பிள்ளையைப் பார்க்க, இளையதை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. சேர்வராயன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் கடைசியில் உங்கள் வாசலில்தான் பையை இறக்கி வைக்கிறார்கள். அந்தப் பையைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர். மலையடிவாரக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்கு எடை பார்ப்பதும், தடுப்பூசிக்கு அழைத்து வருவதும், பிள்ளை பெற்றவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பால் கொடுக்கச் சொல்லித் தருவதும் என் வேலையாக இருந்தது. இப்போது எட்டு மாதப் பேத்திக்குப் பாட்டி. மகளும் மாப்பிள்ளையும் குழந்தையை எங்கே அழைத்துப் போனாலும் பை கட்டித் தருவது நான்தான். ஆகவே பையில் என்ன போகிறது, ஏன் போகிறது என்று எனக்குத் தெரியும்.

அதைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்து வைக்கிறேன், பாருங்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியைக் கிழித்த துணிகள், ஒரு நாளைக்கு வேண்டியதைப்போல் மூன்று மடங்கு. மலையில் துணி காயுமா என்று தெரியாது. பெரிய பிளாஸ்க்; இரவில் வெந்நீர் கிடைக்குமா என்று தெரியாது. மின்சாரக் கெட்டில், அறையில் இருக்கும் கெட்டிலில் முன்பு தங்கியவர் முட்டை வேகவைத்தாரா, நூடுல்ஸ் கிண்டினாரா என்று தெரியாது. ரப்பர் ஷீட், கோரைப் பாய், கொசுவலை. படுக்கை எப்படி இருக்கும் என்று தெரியாது. சின்னக் குக்கர், வறுத்து அரைத்த அரிசி பருப்பு மாவு, கேழ்வரகு மாவு. காரமில்லாமல் ஒரு கிண்ணம் சோறு கிடைக்குமா என்று தெரியாது. தூளி கட்ட நூல் சேலை. அந்தச் சேலையை விரித்துப் பிடிக்கும் தொட்டில் கம்பு. கட்டைப்பையின் வாயைத் தாண்டி ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரின் முழங்காலில் ஒவ்வொரு வளைவிலும் இடித்துக்கொண்டே வரும் அந்தக் கம்பு.

குழந்தைக்கென்று கட்டாயம் வேண்டியது இதில் கொஞ்சம்தான். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை. அந்த வயதில் சாப்பாட்டுச் சுமையே கிடையாது. மாற்றுத்துணி, தலையையும் காதையும் மூடும் குல்லா, ஒரு கம்பளி, மருத்துவர் எழுதிக்கொடுத்த காய்ச்சல் மருந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், தடுப்பூசி அட்டை. என் அம்மா இருந்தவரை மலைக்குப் போகும் பையில் ஒரு சிறு இரும்புத் துண்டும் வேப்பிலைக் கொத்தும் வைக்காமல் விடமாட்டார். அவற்றையும் சேர்த்துக்கொண்டால்கூட ஒரு கையில் தூக்கிவிடலாம். மீதிச் சுமை எல்லாம் உங்கள் அறையில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று தெரியாததால் சேர்ந்தது. அதைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

முதல் வேண்டுகோளுக்கு உங்களுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. தொலைபேசியில் கேட்கிறவர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். போன மார்கழியில், பேத்திக்கு நான்கு மாதம் இருக்கும்போது, மாப்பிள்ளை ஒரு விடுதியை அழைத்து, கைக்குழந்தை இருக்கிறது, வெந்நீர் வருமா என்று கேட்டார். எந்த நேரமும் வரும் என்றார்கள். அதை நம்பிப் பிளாஸ்க்கை எடுத்துப் போகவில்லை. போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது: கூரைமேல் சோலார் ஹீட்டர். வெயில் காய்ந்த நாளில், காலையில் முதலில் குளிப்பவர்களுக்கு மட்டும் சூடாக வரும். அன்றைக்கு மலை முழுக்க மூடுபனி.

நடு இரவில் குழந்தை மலம் கழித்துவிட்டாள். துணியைத் தாண்டி முதுகுவரை ஏறியிருந்தது. குழாயைத் திறந்தால் விரல் விறைக்கும் தண்ணீர். வரவேற்பு மேசையில் ஆளில்லை, சமையலறை பூட்டியிருந்தது. மகள் துணியை நனைத்துப் பிழிந்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அழுத்திப் பிடித்து, வாயால் ஊதி ஊதிக் கொஞ்சம் சூடேற்றி, ஒரு துடைப்பு. மறுபடி நனைத்து, பிழிந்து, ஊதி, இன்னொரு துடைப்பு. குழந்தை வீறிட்டு அழுததில் பக்கத்து அறைக்காரர்கள் சுவரைத் தட்டினார்கள். இரவில் வெந்நீர் வராது, வேண்டுமென்றால் சமையலறை சாத்துவதற்குள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று தொலைபேசியிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாங்கள் கோபப்பட்டிருக்க மாட்டோம். பிளாஸ்க்கோடு வந்திருப்போம்.

பச்சிளங்குழந்தையின் உடம்பு நம் உடம்பைப்போல் குளிரைத் தாங்காது. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம், தலை உடம்புக்கு மிஞ்சிப் பெரியது. ஈரத்தோடு இரண்டு நிமிடம் இருந்தாலே சூடு இறங்கிவிடும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஒரு மணி நேரத்தில் மேலே வந்துவிடுகிறோம். பெரியவர்களுக்கு அது சுகம். குழந்தைக்கு, காலையில் விசிறி இல்லாமல் தூங்க முடியாத ஊரிலிருந்து மாலையில் கம்பளி இல்லாமல் தூங்க முடியாத ஊருக்கு வந்த தடுமாற்றம்.

எல்லா அறைக்கும் புதிய ஹீட்டர் மாட்டுங்கள் என்று கேட்கவில்லை. கைக்குழந்தை தங்கும் அறைக்கு, சமையலறையைச் சாத்துவதற்கு முன்னால், ஒரு பிளாஸ்க் நிறையக் கொதித்த தண்ணீரும் கழுவுவதற்கு மூடிபோட்ட வாளியில் வெந்நீரும் கொடுத்துவிடுங்கள். நள்ளிரவில் எழுப்பினால் அடுப்பைப் பற்றவைத்துக் கொடுக்கக் காவலாளிக்கு அனுமதி கொடுங்கள். அவ்வளவுதான்.

கொதித்த தண்ணீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தாய்ப்பால் கொடுக்க முடியாத நிலையில் இருப்பவர்கள் பால் பவுடர் கரைக்கிறார்கள். தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும்போதே பவுடரைக் கலந்து, அதன் பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். டப்பாவில் இருக்கும் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அதில் ஒட்டியிருக்கக்கூடிய கிருமிகளைக் கொல்வது அந்தச் சூடுதான். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்திருந்து கொடுக்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கொதிநீர் வேண்டியிருக்கிறது. ‘வெதுவெதுப்பாகத்தானே அம்மா கொடுக்கப்போகிறீர்கள், குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வருகிறது’ என்று சொல்லும் தம்பிகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். பால் புகட்டும் பாலாடையையும் சங்கையும் போட்டு எடுக்கவும் அதே கொதிநீர்தான். உங்கள் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாமல் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அது தாராளமாகப் போதும். பருப்பு வேகத்தான் போதாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்தது துணி. சேலத்து மொட்டைமாடியில் குழந்தைத் துணியை உதறிப் போட்டுவிட்டுப் படியிறங்கி வருவதற்குள் பாதி காய்ந்திருக்கும். ஏற்காட்டில் காலையில் துவைத்துப் போட்டது மறுநாள் காலையிலும் பிசுபிசுவென்று இருக்கிறது. ஈரம் முழுக்கப் போகாத துணியைக் கட்டினால் தொடையிடுக்கில் சிவந்து புண்ணாகிவிடும். அதற்குப் பயந்து தாய்மார்கள் நாற்காலி முதுகிலும், ஜன்னல் கம்பியிலும், டிவிக்குப் பின்னால் போகும் வயரிலும் துணியைத் தொங்கவிட்டு, விசிறியைப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் காற்று குழந்தைமேல் அடிக்கிறது. பால்கனியில் போட்டால் குரங்கு. மறுநாள் அறையைப் பார்க்கிற உங்களுக்கும் எரிச்சல் வருவது எனக்குப் புரிகிறது. சமையலறைச் சுவரை ஒட்டி, தாழ்வாரத்துக்கு அடியில், மழைச் சாரல் படாத இடத்தில் ஒரு கயிறு கட்டுங்கள். அடுப்பின் சூடு படுகிற சுவருக்குப் பக்கத்தில் துணி காய்வதைப்போல் மலையில் வேறு எங்கும் காயாது. ஒரு இஸ்திரிப் பெட்டியும் கேட்டால் கிடைக்கும்படி இருக்கட்டும். இந்த இரண்டும் இருக்கின்றன என்று தெரிந்தால் எங்கள் பையில் பாதித் துணி குறையும்.

துணி காயாத பயத்தால்தான் பலரும் டயபருக்குப் போகிறார்கள். போகட்டும், பயணத்துக்கு அது வசதிதான். ஆனால் அறையில் மூடியில்லாத சின்னக் குப்பைக்கூடை மட்டும் இருந்தால், வாடை தாங்காமல் அதைப் பையில் சுற்றிக் காரில் எடுத்துப் போய், ஏதோ ஒரு வளைவில் சரிவுக்குக் கீழே வீசிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீசுவது தப்பு. அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. திடக்கழிவு மேலாண்மை விதிகள் டயபரைத் தனியாகப் பொதிந்து, குப்பை சேகரிப்பவரிடம் கொடுக்கச் சொல்கின்றன. பழைய செய்தித்தாள் நாலைந்தும், மூடிபோட்ட வாளி ஒன்றும் குளியலறையில் வைத்துவிட்டால் அந்த வேலை உங்கள் இடத்திலேயே முடிந்துவிடும், மலைச்சரிவும் பிழைக்கும்.

இப்போது தூளி. இதைச் சொல்லும்போது சில இளம் மேலாளர்கள் சிரிக்கக்கூடும். நம் பக்கத்துக் குழந்தைகளில் பெரும்பாலானவை தூங்கப் பழகியதே அம்மாவின் பழைய நூல் சேலையில். அந்தச் சேலையின் மணமும், இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் துணியும், ஒரே சீரான ஆட்டமும் இல்லாமல் புது இடத்தில் கண்ணை மூடாது. பழைய வீடுகளில் விட்டம் இருக்கும், அல்லது கூடத்தின் நடுவில் ஒரு இரும்புக் கொக்கி இருக்கும். உங்கள் அறைகளில் வழவழவென்று வெள்ளைக் கூரை. ஒரு கொக்கி கிடையாது.

கொக்கி இல்லையென்றால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஜன்னல் கம்பியில் ஒரு முனையும் அலமாரிக் கதவின் கைப்பிடியில் மறுமுனையும் கட்டுகிறார்கள். இரண்டு கட்டில்களுக்கு நடுவில் கட்டுகிறார்கள். விசிறியைக் கழற்றச் சொல்லி அந்தக் கொக்கியில் கட்டியவர்களைக்கூட நான் அறிவேன். பார்க்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. அலமாரிக் கைப்பிடியின் திருகாணி எட்டு கிலோ குழந்தை ஆடும் ஆட்டத்தை எத்தனை நேரம் தாங்கும்?

குழந்தைகள் வரும் என்று நீங்கள் எதிர்பார்க்கிற இரண்டு மூன்று அறைகளிலாவது கூரையில் ஒரு நல்ல கொக்கி போட்டுவையுங்கள். சேலத்துக் கடைவீதியில் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். கான்கிரீட்டில் துளையிட்டு ஆழமாக இறுக்கிய கொக்கியாக இருக்கட்டும்; பொய்க்கூரையில் மாட்டியது வேண்டாம். பெரிய ஆள் ஒருவர் தொங்கிப் பார்த்தாலும் அசையக் கூடாது. விசிறிக்கு நேர் கீழேயோ பக்கத்திலேயோ வேண்டாம். சுவரிலிருந்தும் கட்டில் முனையிலிருந்தும் தள்ளி இருக்கட்டும், ஆடும்போது இடிக்கும். கூடவே ஒரு தொட்டில் கம்பு அறையில் கிடக்கட்டும். துணி இரண்டு பக்கமும் மூடிக்கொண்டு குழந்தையின் முகத்தில் விழாமல் காற்றோட்டத்துக்கு இடம் விடுவது அந்தக் கம்புதான். அது உங்களிடம் இருந்தால் நாங்கள் அதைச் சுமந்துவர வேண்டாம்.

செவிலியராக இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது உங்கள் விருந்தினருக்கு. தூளி பகல் தூக்கத்துக்கு, பக்கத்தில் கண் திறந்திருக்கும் ஒரு பெரியவரோடு. இரவு முழுக்கக் குழந்தையை அதில் விட்டுவிட்டுத் தூங்காதீர்கள். இரவுக்கு அழுத்தமான, தட்டையான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். குளிருக்குப் பயந்து கனத்த கம்பளியை முகம்வரை இழுத்துவிடாதீர்கள். ஒரு சட்டை கூடப் போடுங்கள், காலுறை போடுங்கள். குழந்தை எழுந்து உட்காரக் கற்றுக்கொண்டுவிட்டால் தூளியே வேண்டாம், எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழும். வளர்ந்த பிள்ளைகள் அதில் ஏறி ஊஞ்சல் ஆடினால் துணி கழுத்தில் முறுக்கிக்கொள்ளும். இதனால் உயிர் போன வீடுகள் தமிழ்நாட்டில் உண்டு. இந்த நாலு வரியையும் அச்சடித்துக் கொக்கி இருக்கும் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

கட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. புரளக் கற்றுக்கொண்ட குழந்தைக்கு இரண்டடி உயர மெத்தை ஆபத்து. மெத்தையைத் தரையில் இறக்கிப் போட்டுத் தருகிறீர்களா என்று கேட்டால், ஏதோ வினோதமாகக் கேட்டதைப்போல் பார்க்க வேண்டாம். அடியில் ஒரு கோரைப் பாய் விரித்து, மெத்தையைச் சுவரோரம் இடைவெளி இல்லாமல் ஒட்டிப் போட்டால் அந்தக் குடும்பம் முழுவதும் நிம்மதியாகத் தூங்கும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பருப்பைச் சொன்னேன் அல்லவா? 95 டிகிரியில் கொதிக்கும் தண்ணீரில், திறந்த பாத்திரத்தில் வைத்த பருப்பு சேலத்தில் வேகும் நேரத்தில் ஏற்காட்டில் வேகாது. உங்கள் சமையல்காரருக்கு இது கைவந்த பாடம், குக்கரில்தான் வைப்பார். ஆனால் அறையில் சின்ன அடுப்பு வைத்துக் குழந்தைக்குச் சமைக்கப் பார்க்கும் தாய்க்குத் தெரியாது. அரைவேக்காட்டுப் பருப்பை மசித்துக் கொடுத்துவிட்டு இரவெல்லாம் வயிறு உப்பிய குழந்தையோடு உட்கார்ந்திருப்பாள். ஆகவே அறையில் சமைக்காதீர்கள் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அப்படிச் சொல்லும்போது, மாலை ஏழு மணிக்கு ஒரு கிண்ணம் குழைந்த பருப்புச் சாதம் நாங்கள் தருகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மிளகாய் வேண்டாம், மசாலா வேண்டாம், ஒரு வயதுக்குள் உப்பும் சர்க்கரையும் வேண்டியதில்லை. பெரியவர்களுக்குத் தாளிப்பதற்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்துவைத்தால் போதும். இரவு உணவு ஒன்பது மணிக்குத்தான் என்றால் அந்தக் குழந்தை பசியோடு தூங்கிவிடும், பன்னிரண்டு மணிக்கு எழுந்து மலையையே எழுப்பும். எந்நேரமும் கிடைக்கும் ஒரு இட்லி இருந்தால் அதைவிட நல்ல குழந்தை உணவு கிடையாது.

தேனைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மலைத்தேன் ஏற்காட்டின் பெருமை, கடைக்குக் கடை பாட்டிலில் நிற்கிறது. குழந்தையைக் கண்டதும் ஆசையாக ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிடுகிற நல்ல மனசுக்காரர்கள் உங்கள் ஊழியர்களில் இருப்பார்கள். பிறந்த குழந்தைக்குச் சேனை வைத்த வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. எவ்வளவு சுத்தமான தேனிலும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர் குடலில் அவை எதுவும் செய்யாது. சிசுவின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, கழுத்து துவண்டு, மூச்சுத் தசைவரை தளர்த்திவிடும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. உங்கள் சமையலறையில் இதை எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள்.

வரவேற்பு மேசைக்கு இரண்டு வேண்டுகோள்கள். காலை எட்டு மணிக்கே கைக்குழந்தையோடு வந்து நிற்பவர்களிடம், பன்னிரண்டு மணிக்குத்தான் அறை என்று சொல்ல நேர்ந்தால், பால் கொடுக்க மறைவான ஓர் இடமாவது காட்டுங்கள். 2015 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்கப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பஸ் நிலையத்தில் முடிந்தது உங்களால் முடியாதா? ஒரு திரைச்சீலை, முதுகு சாய்க்க ஒரு நாற்காலி. அடுத்தது, எட்டு மாதக் குழந்தையைத் தலை எண்ணிக் கூடுதல் கட்டணம் போடுவது. அரசு பஸ்ஸில் மூன்று வயதுவரை டிக்கெட் இல்லை என்று இருந்ததை 2022இல் ஐந்து வயதுவரை என்று உயர்த்தினார்கள். அம்மாவின் மடியில் தூங்கும் பிள்ளைக்கு நீங்கள் எந்தக் கட்டிலைக் கூடுதலாகப் போடுகிறீர்கள்?

கேம்ப் ஃபயர் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்பீக்கரை மட்டும் குழந்தை இருக்கும் அறையின் ஜன்னல் பக்கம் திருப்பாதீர்கள். புகையும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

நீங்கள் ஏற்பாடு செய்து தரும் கார்களைப் பற்றி. பின் இருக்கை பெல்ட்டின் பூட்டு பெரும்பாலும் இருக்கை உறைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. குழந்தை இருக்கையைக் கொண்டுவருகிற குடும்பத்தால்கூட அதைக் கட்ட முடிவதில்லை. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பெல்ட்டிலோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு அமைப்பிலோ கட்டித்தான் அழைத்துப் போக வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சொல்கிறது, மீறினால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள். வளைவில் எதிரே லாரி வந்து திடீரென்று பிரேக் பிடித்தால், எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. உறையைக் கிழித்தாவது அந்தப் பூட்டை வெளியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

இறங்கும்போது குழந்தை அழுதால், வாந்தி வரப்போகிறது என்று ஓட்டுநர்கள் பதறுகிறார்கள். இரண்டு வயதுக்குள் பயண வாந்தி அரிது. அந்த வயதில் பெரும்பாலும் காது அடைப்புதான் காரணம். ஏறுவதைவிட இறங்கும்போது அது அதிகம். பால் குடித்தால், விழுங்கும்போது காது திறந்துகொள்ளும். ஆகவே இறங்கும் வழியில் வண்டியை ஓரங்கட்டப் பாதுகாப்பான இடம் பார்த்து, தாய் கேட்டால் முகம் சுளிக்காமல் ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். குழந்தைக்குப் பால் கொடுத்து, மறுபடி பெல்ட் போட்டுக்கொண்டு கிளம்பலாம்.

இதில் எது உங்கள் இடத்துக்குச் சரிப்படும் என்று யோசிக்கும்போது, உங்கள் விடுதியில் அறை பெருக்கும், துணி மாற்றும் பெண்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர்களில் பலர் மலைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள், அதே குளிரில் பிள்ளை வளர்த்தவர்கள். எந்த அறையில் காற்று புகாது, எந்தச் சுவரோரம் துணி சீக்கிரம் காயும், மூடுபனி நாளில் குழந்தையை எந்த நேரத்தில் குளிப்பாட்டலாம் என்பதெல்லாம் எனக்கோ உங்களுக்கோ தெரிந்ததைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இரவு வெந்நீர், தனிச் சாப்பாடு என்று அவர்கள் தலையில் கூடுதல் வேலை விழும். அதற்குக் கூடுதலாகக் கொடுங்கள். அந்தத் தொகையை எங்கள் பில்லில் சேர்த்தால் நாங்கள் மறுக்கப்போவதில்லை.

வைகாசியில் பேத்தியை அழைத்துக்கொண்டு சேர்வராயன் கோயிலுக்கு வருகிறோம். அதற்கு முன்னால் உங்களில் சிலரை நானே தொலைபேசியில் அழைப்பேன். இரவில் வெந்நீர் எத்தனை மணிவரை கிடைக்கும், கூரையில் கொக்கி இருக்கிறதா, துணி காய எங்கே கயிறு கட்டியிருக்கிறீர்கள், மாலை ஏழு மணிக்குப் பருப்புச் சாதம் உண்டா என்று கேட்பேன். இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், அதற்குத் தக்கபடி பை கட்டிக்கொள்கிறேன். தொலைபேசியை எடுக்கும் தம்பியிடமோ தங்கையிடமோ இப்போதே சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
அஸ்தம்பட்டியிலிருந்து, ஓய்வுபெற்ற ஒரு செவிலியர்,
சேலம்.